ஐஸ் பேக்டரி கூலியாள் அடித்த அடி: 50 வருஷம் ஆகியும் குங்பூ படங்களுக்கு மவுசு குறையாதது ஏன்?

தாய்லாந்தில் ஒரு ஐஸ் பேக்டரி. சீனாவில் இருந்து பிழைக்க வந்த வாலிபன் ஒருவன் அங்கே கூலி வேலைக்கு சேருகிறான். எந்த வம்புதும்புக்கும் போகமாட்டேன் என்று அம்மாவுக்கு சத்தியம் செய்து கொடுத்தவன். அதை மறக்காமல் இருக்க கழுத்தில் ஒரு பச்சைக்கல் டாலர்.

ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருளை வைத்து கடத்துவதை 2 தொழிலாளிகள் பார்த்து விடுகிறார்கள். முதலாளியின் ஆட்கள் அவர்களை தீர்த்துக்கட்டுகிறார்கள். எங்கே அவர்கள் என்று கேட்கப்போனவர்களும் திரும்பி வரவில்லை. வாலிபன் பல்லை கடித்துக்கொண்டு நிற்கிறான். தொழிலாளிகளுக்கும் அடியாட்களுக்கும் நடந்த கைகலப்பில் கழுத்து டாலர் அறுந்து விழுகிறது.

அவ்வளவுதான். அதன் பிறகு விழுந்த அடி, இன்றைக்கும் உலகம் பூராவும் டி.வி. பெட்டிகளில் விழுந்து கொண்டே இருக்கிறது.

1971-ம் ஆண்டு வந்த 'தி பிக் பாஸ்' படம்தான் அது. (டி.வி.யில் 100 நாள் வீட்டுக்குள் அடைத்து வைக்கிறார்களே, அது இல்லை.) கூலியாளாக நடித்தவர் புரூஸ்லீ. ஹாங்காங்கில் வசூல் 30 லட்சம் ஹாங்காங் டாலரை தாண்டியது. 'சவுண்ட் ஆப் மியூசிக்' என்ற ஆங்கிலப் படம் அங்கே வைத்திருந்த சாதனையை ஒரு ஐஸ் பேக்டரி தொழிலாளி முறியடித்தார்.

டெக் வாடகைக்கு எடுத்த காலம்

தமிழ்நாட்டில் இந்த படங்களை தியேட்டரில் பார்த்தவர்களை விட வீட்டில் பார்த்தவர்களே அதிகம் இருப்பார்கள். 1980-களில் கோவில் கொடை, பொங்கல், கல்யாண வீடு என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு வந்து இறங்கும். விடிய விடிய 3 படம். முதலில் ஒரு சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆரோ ரஜினியோ. பெண்களும் குழந்தைகளும் தூங்கிய பிறகு, 'சைனா படம்' என்ற பெயரில் ஒரு கேசட் உள்ளே போகும்.

பாஷை ஒரு வார்த்தை புரியாது. யாரும் அதைப்பற்றி கவலைப்பட்டதும் இல்லை. கெட்டவன் யார், நல்லவன் யார், யாருக்கு யார் மேல் கோபம் என்பது முகத்தை பார்த்தாலே தெரிந்து விடும்.

உண்மையில் அந்த நடிகர்கள் பேசுவதாக நாம் கேட்கும் குரல், சீன மொழியிலும் பெரும்பாலும் அவர்களுடையது கிடையாது. அப்போது ஹாங்காங்கில் படப்பிடிப்பு நடக்கும்போது சத்தத்தை பதிவு செய்யும் வழக்கமே பெரிதாக இல்லை. படத்தை ஓசையில்லாமல் எடுத்து விட்டு, வசனம், அடி விழும் சத்தம், கத்தி மோதும் சத்தம் எல்லாவற்றையும் பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து சேர்த்தார்கள். அதனால் எந்த பாஷைக்கும் டப்பிங் செய்வது சுலபமாக இருந்தது. பின்னாளில் ஜாக்கி சான் தமிழ் பேசி நம் ஊர் பொடிசுகளை கவர்ந்ததும் இப்படித்தான்.

சாயப்பட்டறையும் சாரமும்

ஹீரோ யார் என்று பார்த்தால் இந்த படங்களின் ரகசியம் பாதி விளங்கி விடும். கோட் சூட் போட்ட உளவாளி இல்லை. ராஜகுமாரன் இல்லை. ஐஸ் பேக்டரி கூலியாள், ஓட்டல் வேலைக்காரன், உதவாக்கரை என்று அப்பா திட்டும் பையன்.

1980-ல் ஷா பிரதர்ஸ் கம்பெனி எடுத்த 'ரிட்டர்ன் டு தி 36-த் சேம்பர்' படத்தை திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் பார்த்தால் சொந்தக்கதை போல இருக்கும். ஒரு சாயப்பட்டறை. முதலாளி வெளியில் இருந்து ஆட்களை கொண்டு வந்து, பழைய தொழிலாளிகளின் கூலியை குறைத்து விடுகிறான். எதிர்த்து கேட்டவர்களுக்கு உதை. அவர்களுக்காக ஷாவோலின் சாமியார் வேஷம் போட்டு ஏமாற்றப் பார்க்கும் ஒருவன், சாயம் வெளுத்துப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

வெட்கப்பட்டு நிஜ ஷாவோலின் கோவிலுக்கே போகிறான். குங்பூ சொல்லிக் கொடுப்பார்கள் என்று பார்த்தால், கோவிலை சுற்றி மூங்கில் சாரம் கட்டச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் சாரம் கட்டுகிறான். ஒரு அடி கூட கற்றுக்கொடுக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே ஊர் திரும்புகிறான். ஊருக்கு வந்து கை ஓங்கும்போதுதான் தெரிகிறது, சாரம் ஏறி இறங்கியதும், மூங்கிலை இழுத்து கட்டியதும்தான் அவன் படித்த வித்தை என்று. முதலாளி ஆட்களை அதே வித்தையால் கட்டிப்போடுகிறான்.

கட்டிட வேலைக்கு போகிறவர் இந்த படத்தை பார்த்து விட்டு கைதட்டாமல் எப்படி இருப்பார்?

இதற்கு முந்தின பாகம் 1978-ல் வந்த 'தி 36-த் சேம்பர் ஆப் ஷாவோலின்'. இதில் இன்னும் ஒரு விசேஷம். படத்தின் பெரும்பகுதியில் சண்டையே கிடையாது, பயிற்சிதான். கை கீழே இறங்கினால் விலாவில் குத்தும்படி புஜத்தில் கத்தியை கட்டிக்கொண்டு, 2 வாளி தண்ணீரை தூக்கி நடக்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் கட்டை மேல் கால் வைத்து தாண்டினால்தான் சாப்பாடு. தொங்கும் மணல் மூட்டைகளை தலையால் முட்ட வேண்டும். முதல் நாள் எதையும் செய்ய முடியாதவன் வருஷக்கணக்கில் உழைத்து ஒவ்வொரு அறையாக தேறுகிறான். கடைசியில் அவன் கேட்பது என்ன தெரியுமா? சாதாரண ஜனங்களுக்கும் இந்த வித்தையை சொல்லித்தர 36-வதாக ஒரு அறை வேண்டும் என்று.

டைரக்டர் லாவ் கர் லியங் நிஜமான குங்பூ பரம்பரைக்காரர். அப்பாவிடம் வித்தை படித்தவர். அதனால்தான் அவர் படங்களில் கேமராவை தள்ளி வைத்து, ஆளின் தலை முதல் கால் வரை தெரிய, ஒரே ஷாட்டில் பல அடிகள் ஓடும். இப்போது வரும் படங்களில் ஒரு குத்து விடுவதற்குள் 4 முறை வெட்டி விடுகிறார்கள். குத்தியது யார், வாங்கியது யார் என்றே புரிவதில்லை.

ரீவைண்ட் பட்டன் செய்த வேலை

தியேட்டரில் ஒரு சண்டை முடிந்தால் முடிந்ததுதான். வீட்டில் அப்படி இல்லை. ரீவைண்ட் செய்து, மெதுவாக ஓட்டி, நிறுத்தி வைத்து பார்க்கலாம். கராத்தே, குங்பூ வகுப்புக்கு போன பையன்கள் கால் எங்கே வைத்தான், இடுப்பை எப்படி திருப்பினான் என்று கேசட் தேயும் அளவுக்கு பார்த்தார்கள். துடைப்பக்கட்டையை இரண்டாக வெட்டி சங்கிலி போட்டு சுழற்றி, சொந்த மண்டையிலேயே அடி வாங்கியவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. இந்த பயத்தில் பிரிட்டன் தணிக்கை அதிகாரிகள், சங்கிலி கட்டை சுழற்றும் காட்சிகளை பல வருஷம் வெட்டியே வைத்திருந்தார்கள்.

ஜாக்கி சான் படங்களின் முடிவில் தவறிப்போன ஷாட்டுகளை காட்டுவார்கள். தியேட்டரில் அதற்குள் கதவை திறந்து விடுவார்கள், சைக்கிள் எடுக்க கூட்டம் ஓடும். வீட்டில்தான் அதை ஆற அமர பார்க்க முடிந்தது. அங்கேதான் நிஜ ரத்தம் இருந்தது.

1986-ல் வந்த 'ஆர்மர் ஆப் காட்' படத்துக்காக யூகோஸ்லாவியாவில் சுவரில் இருந்து மரக்கிளைக்கு தாவினார். கிளை முறிந்து, தலை பாறையில் மோதியது. மண்டை ஓடு உடைந்து காதில் ரத்தம் கொட்டியது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். ஒரு காது கேட்கும் சக்தி குறைந்தது. 1985-ல் 'போலீஸ் ஸ்டோரி'யில் சீரியல் பல்பு சுற்றிய கம்பியை பிடித்து பல மாடி வழுக்கி இறங்கியதில் கை வெந்து போனது.

இவர் 7 வயதில் 10 வருஷ ஒப்பந்தத்தில் சீன நாடகப்பள்ளி ஒன்றில் விடப்பட்டவர். பெற்றோர் வேலை தேடி ஆஸ்திரேலியா போய் விட்டார்கள். வாத்தியார் பிரம்படி கொடுத்தால் யாரும் கேட்க முடியாது. நடிகர்கள் சாமோ ஹங், யுவன் பியாவ் ஆகியோரும் அந்த பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான். 2008-ம் ஆண்டு 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சான் சென்னை வந்தபோது விழா அரங்கமே அதிர்ந்தது. வந்திருந்தவர்களில் பலர் அவரை கேசட்டிலும் சி.டி.யிலும் பார்த்து வளர்ந்தவர்கள்.

கவர் ஒன்று, படம் ஒன்று

கேசட் காலத்தில் ஏமாந்த கதையும் நிறைய. 'எண்டர் தி டிராகன்' ரிலீஸ் ஆக சில வாரங்களே இருந்தபோது, 1973 ஜூலை 20-ந் தேதி புரூஸ்லீ இறந்தார். வயது 32. குதிரை போனாலும் வண்டியை விட மனசு வருமா? புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று அவர் சாயலில் ஆட்களை பிடித்து வந்து டஜன் கணக்கில் படம் எடுத்தார்கள். கேசட் அட்டையில் புரூஸ்லீ போட்டோ, உள்ளே வேறு யாரோ.

அவர் பாதியில் விட்டுப்போன 'கேம் ஆப் டெத்' படத்தையும் டூப் வைத்து முடித்து 1978-ல் வெளியிட்டார்கள். ஒரு காட்சியில் கண்ணாடியில் புரூஸ்லீயின் அட்டைப்பட முகத்தை ஒட்டி ஒப்பேற்றினார்கள். அவரது நிஜ இறுதிச்சடங்கு காட்சியையும் கதையில் சேர்த்தார்கள். இது ரசிகர்களுக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். மஞ்சள் உடையில் அவர் நிஜமாக போட்ட சண்டை சுமார் 10 நிமிஷம்தான் அந்த படத்தில் இருந்தது. விடுபட்ட மீதி சண்டை, 2000-ம் ஆண்டில் வந்த டாகுமெண்டரி ஒன்றில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

கேசட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஷா பிரதர்ஸ் படங்கள் அகலத்திரை படங்கள். பழைய டி.வி. பெட்டி கிட்டத்தட்ட சதுரம். அதில் அடக்க இரண்டு பக்கத்தையும் வெட்டினார்கள். 100 பங்கில் 40 பங்குக்கு மேல் காணாமல் போனது. திரையின் இரண்டு ஓரத்தில் 2 பேர் மோதினால், வீட்டில் பார்க்கிறவருக்கு நடுவில் இருக்கும் தூண் மட்டும் தெரியும். சில கேசட்டில் வெட்டாமல் நசுக்கி விடுவார்கள். எல்லோரும் மூங்கில் குச்சி போல ஒல்லியாக தெரிவார்கள்.

பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு படத்துக்கு 2 தகடு. முதல் தகடு முடியும் இடம் பெரும்பாலும் சண்டையின் நடுவில்தான் இருக்கும். திருட்டு சி.டி. பெருகி, 2004-ம் ஆண்டு தமிழக அரசு வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்தில் சேர்க்கும் அளவுக்கு போனது.

பெட்டியை திறந்த கம்பெனி

ஷா பிரதர்ஸ் 1980-களின் நடுவில் சினிமா எடுப்பதை கிட்டத்தட்ட நிறுத்தி விட்டு டி.வி. பக்கம் போனது. நூற்றுக்கணக்கான படங்களின் நெகட்டிவ் கிடங்கில் கிடந்தது. முறையாக வீடியோவில் விடவில்லை. வெளியில் சுற்றியது எல்லாம் கீறல் விழுந்த, நிறம் போன, பக்கம் வெட்டிய பிரதிகள்தான். 2000-ம் ஆண்டில் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் சுமார் 760 படங்களின் உரிமையை வாங்கி, கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து, 2002 முதல் டி.வி.டி.யாக கொண்டு வந்தது. 20 வருஷம் கழித்து இரண்டு ஓரமும் தெரிந்தது! அடி விழும் சத்தத்தை புதிதாக மாற்றி விட்டார்கள் என்று மட்டும் பழைய ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள்.

அமெரிக்காவிலும் இந்த படங்களை கொண்டாடியவர்களில் நியூயார்க் ஏழைப்பகுதி கறுப்பின வாலிபர்கள் முக்கியமானவர்கள். 'வூ டாங் கிளான்' என்ற பாட்டுக்குழு 1993-ல் போட்ட முதல் ஆல்பத்தின் பெயரிலேயே 36 அறை இருக்கிறது. வீடியோ கடையில் வேலை பார்த்த குவெண்டின் டரன்டினோ பெரிய டைரக்டராகி, 2003-ல் 'கில் பில்' எடுத்தபோது தொடக்கத்தில் ஷா பிரதர்ஸ் முத்திரையையே போட்டார்.

கேசட் போட்டுப்பார்க்கும் வி.சி.ஆர். மெஷினை கடைசியாக தயாரித்து வந்த ஜப்பான் கம்பெனியும் 2016-ல் உற்பத்தியை நிறுத்தி விட்டது. படங்கள் நிற்கவில்லை. பிரிட்டனின் ஆரோ வீடியோ 2021-லும் 2022-லும் ஷா படங்களை பெட்டி பெட்டியாக புளூ ரே தகட்டில் வெளியிட்டது. சாயப்பட்டறை படம் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது.

அந்த படத்திலும் 36 அறை படத்திலும் ஹீரோ ஒரே ஆள்தான், கார்டன் லியூ. 'கில் பில்' 2 பாகத்திலும் அவரை தேடிப்பிடித்து நடிக்க வைத்தார் டரன்டினோ. 2011-ல் பக்கவாதம் தாக்கி சக்கர நாற்காலிக்கு வந்து விட்டார். தகட்டை போட்டால், கையில் 2 வாளி தண்ணீரோடு, தோளை இறக்காமல் படியேறிக் கொண்டிருக்கிறார்.