சிங்கப்பூரில் எங்கே தங்குவது?

கோடை விடுமுறை என்றால் ஒரு காலத்தில் நம் குடும்பங்களுக்கு ஒரே திசைதான். ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவோம். இப்போது ஊரிலிருந்த பெரியவர்களே நம்முடன் தில்லிக்கு வந்துவிட்ட வீடுகள் பல. விடுமுறைக்கு வெளிநாடு என்ற பேச்சு எழுந்தால், முதலில் வருவது சிங்கப்பூரின் பெயர்தான்.

போகிறவர்கள் என்னிடம் கேட்பது, "எந்த ஓட்டல் நல்லது?" என்பது. ஓட்டலின் பெயரை நான் சொல்வதில்லை. எந்தப் பேட்டை என்று முதலில் தீர்மானியுங்கள், ஓட்டலைப் பிறகு பார்க்கலாம் என்பேன். நட்சத்திரங்களை எண்ணி ஓட்டல் எடுப்பதைவிட, அறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணி எடுப்பது குடும்பத்துக்கு நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

அறை இரவுக்கு மட்டுமல்ல

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும்தான். திடீரென்று மழையும் கொட்டும். அந்த ஊரின் பெரிய வேடிக்கைகள் பலவும் இருட்டிய பிறகே தொடங்குகின்றன. மரீனா பே பக்கத்துப் பூங்காவில், மரம் போன்ற கோபுரங்களில் நடக்கும் ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும். 1994-ல் தொடங்கிய இரவு விலங்குக் காட்சிசாலை, பெயருக்கேற்ப இரவில்தான்.

ஆகவே, காலையில் ஓரிடம் பார்த்து, நண்பகலில் அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்து, மாலையில் மறுபடி கிளம்புவதே பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு ஏற்ற முறை. இதற்கு அறை பக்கத்தில் இருக்க வேண்டும். தொலைவில் மலிவாக எடுத்தால், நண்பகலில் திரும்ப முடியாது. இரண்டாம் நாளே பாட்டி, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அவருக்கும் சேர்த்துத்தானே விமான டிக்கெட் எடுத்தோம்?

ரயில் தடத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. ரயில் காலை ஐந்தரை மணி அளவில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடுகிறது. நிலையங்களில் லிப்ட் உண்டு, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். ஆனால் ரயிலுக்கு ரயில் மாறும்போது நீண்ட நடை இருக்கிறது. எனவே, இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையத்தின் பக்கத்தில் தங்கினால், மாறாமலே பல இடங்களுக்குப் போகலாம்.

லிட்டில் இந்தியா நிலையம் அப்படிப்பட்டது. வடகிழக்குத் தடமும் டவுன்டவுன் தடமும் அங்கே சந்திக்கின்றன. மரீனா பே பூங்காவுக்கு உரிய பேஃப்ரண்ட் நிலையம் நான்காவது நிறுத்தம். மறுதிசையில் தாவரவியல் பூங்கா மூன்றாவது நிறுத்தம். செந்தோசாத் தீவுக்குப் போக இறங்கும் ஹார்பர்ஃப்ரண்ட் ஐந்தாவது நிறுத்தம். எதற்கும் வண்டி மாற வேண்டாம்.

சைனாடவுன் நிலையத்திலும் இதே இரண்டு தடங்கள்தான். நிறுத்தக் கணக்கில் அது இன்னும் மேல். பேஃப்ரண்ட் மூன்றாவது, ஹார்பர்ஃப்ரண்ட் இரண்டாவது. 1827-ல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. பூகிஸிலிருந்து பேஃப்ரண்ட் இரண்டே நிறுத்தம். தோபி காட்டில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. நம் நாட்டு வண்ணார்கள் அங்கே துணி வெளுத்ததால் வந்த பெயர் அது. மண்டாயில் உள்ள விலங்குக் காட்சிசாலை மட்டும் நகருக்குள் எங்கே தங்கினாலும் தூரம்தான். அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் பேட்டை யாருக்கு?

ஆர்ச்சர்ட் சாலை கடைவீதி. அகலமான நடைபாதை, நல்ல ஓட்டல்கள், வாடகை அதிகம். மரீனா பே பார்க்க அழகு, வாடகை இன்னும் அதிகம். பிள்ளைகளுக்காக இரண்டு நாள் முழுக்கச் செந்தோசாவில் கழிப்பவர்கள், அந்த இரண்டு இரவு மட்டும் அங்கேயோ ஹார்பர்ஃப்ரண்ட் பக்கமோ தங்கலாம். கேலாங் பக்கம் வாடகை குறைவாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் பெயர் போன இடம். ஆனால் அதன் சில சந்துகள் அரசு அனுமதியுடன் நடக்கும் சிவப்பு விளக்குப் பகுதி. இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பெரியவர்களை அழைத்துப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு நான் சொல்வது செரங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா. "வெளிநாடு போயும் நம் ஊர்க் கடைத்தெருவிலா தங்குவது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பார்க்கப் போகும் இடங்கள் எங்கும் போய்விடாது, நாலைந்து நிறுத்தத்தில் இருக்கின்றன. தங்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் கால் பாவும் இடமாக இருக்கட்டும்.

என் மாமியார் பல ஆண்டுகளாக எங்களோடு தில்லியில் இருக்கிறார். இந்தி கேட்டால் புரியும், பேச வராது. காய்கறி வண்டி வந்தாலும் நானோ பேரனோ கூட நிற்க வேண்டும். செரங்கூன் சாலையில் தங்கிய இரண்டாம் நாள் காலை, நாங்கள் எழுந்திருப்பதற்குள் அவர் குளித்து, தனியாகவே கீழே இறங்கி, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். கையில் இரண்டு முழம் பூ. "பூக்கடைப் பெண்ணுக்கு மன்னார்குடிப் பக்கமாம்" என்றார். அன்றிலிருந்து காபிக்கு எந்தக் கடை, திரும்பி வர எந்தச் சந்து என்பதெல்லாம் அவர் சொல்லி நாங்கள் கேட்டோம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு அது. அந்தச் சலுகை நம் வீட்டு மூத்தவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

சாப்பாட்டுக்கும் கவலையில்லை. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நிலையத்தை ஒட்டிய தேக்கா சந்தையில் காய்கறியும் உண்டு, சமைத்த உணவுக் கடைகளும் உண்டு. குழந்தை தயிர் சாதம் கேட்டால் தேடி அலைய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஞாயிறு மாலை அந்தப் பகுதி நிரம்பி வழியும். கட்டடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்களும் வங்கதேசத்தவர்களும் வார விடுமுறையில் அங்கே கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது, சாமான் வாங்குவது, நண்பர்களைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு நாளில்தான். 2013 டிசம்பர் 8 அன்று பேருந்தில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் அங்கே கலவரம் மூண்டது. அதன் பிறகு, 2015-ல், பொது இடத்தில் மது அருந்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

இதைச் சொல்லி "அந்தப் பக்கமே வேண்டாம்" என்று தடுப்பவர்கள் உண்டு. நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஞாயிறு மாலையை வேறிடத்தில் கழித்துவிட்டு இரவில் திரும்பலாம், அவ்வளவுதான். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடித் தாய்மொழியில் பேசிக்கொள்வதைப் பார்த்து நாம் முகம் சுளிக்கலாமா? நம் சங்கமும் அந்தத் தேவையில் பிறந்ததுதானே.

வாடகைக் கணக்கு

விளம்பரத்தில் வாடகையின் பக்கத்தில் '++' என்று இருந்தால் கவனியுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கூடும் என்று பொருள். இந்த 9 சதவீதம் 2024 ஜனவரி முதல் உள்ள விகிதம். 150 டாலர் அறை நான்கு இரவுக்கு 600 டாலர் என்று நினைப்போம். கட்டும்போது 719 டாலர் 40 காசு வரும். இரண்டு ஓட்டல்களை ஒப்பிடும்போது, எல்லாம் சேர்ந்த தொகையையே ஒப்பிடுங்கள்.

இரவு நேரக் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் வாடகை எகிறும். அது பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். தேதியைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓட்டலுக்குப் பதில் யாருடைய வீட்டையாவது நாலு நாள் வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாமே என்று தோன்றும். சிங்கப்பூரில் இது சட்டவிரோதம். தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு வீட்டுவசதிக் கழக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. யாராவது "வாருங்கள், தருகிறேன்" என்றாலும் முன்பணம் அனுப்பாதீர்கள். சமையலறையுடன் கூடிய சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் உண்டு. பொதுவாக ஏழு இரவாவது தங்க வேண்டும்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

அறையில் ஜன்னல் உண்டா? லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். மலிவான அறைகள் சிலவற்றில் ஜன்னலே கிடையாது. அத்தகைய கட்டடத்தில் லிப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எத்தனை பேருக்கு அனுமதி? குழந்தைகளின் வயதைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு அறை எடுத்தால், இடையில் கதவு உள்ள அறைகளாகக் கேளுங்கள். இரவில் மாத்திரை எடுத்துக் கொடுக்க நடைவழியைச் சுற்றி வர வேண்டியிருக்காது.

எத்தனை மணிக்கு அறை கிடைக்கும்? நம் ஊர் விமானங்கள் பல விடியற்காலையில் இறங்குகின்றன. அறையோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான். பெட்டிகளை வைக்க இடம் தருவார்கள், பெரியவர்கள் படுக்க இடம் தரமாட்டார்கள். முடிந்தால் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

விசா வராவிட்டால் பணம் திரும்புமா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. எனவே, ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுப்பது நல்லது.

விமான நிலையத்திலிருந்து டாக்சியில் சாதாரணமாக நான்கு பேர்தான் ஏறலாம். ஐந்தாவது ஆளுக்குப் பெரிய வண்டி சொல்ல வேண்டும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை டாக்சிக் கட்டணத்தில் பாதி கூடுதலாக வரும். நம் பிளக் அங்கே பொருந்தாது. மூன்று சதுர முனை கொண்ட அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும். குக்கர் வைத்துச் சமைத்தால் புகை மணி அடித்துவிடும், அது வேண்டாம்.

இவற்றையெல்லாம் பார்த்து இரண்டு மூன்று ஓட்டல்கள் மிஞ்சியதும், வரைபடத்தை வீட்டில் மூத்தவர் முன் விரித்து, இங்கே ரயில், இங்கே கோயில், இங்கே அறை என்று காட்டுங்கள். "இவ்வளவு தூரம் நான் நடந்துவிடுவேன்" என்று அவர் சொல்லும் ஓட்டலுக்கே பணம் கட்டுங்கள்.