மதிலுக்கு அப்பால்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு, கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு ஊரடங்கு புதிதன்று. ஆயினும் போர்க்காலத்தில் அயலவரோடு ஒரே பதுங்குகுழிக்குள் நெருங்கியிருந்தோம். இம்முறையோ அயலவரைக் கண்டால் விலகி நிற்கவேண்டியதாயிற்று.

வீட்டில் அரிசியும் பருப்பும் இருந்தமையால் நாம் கவலையற்றிருந்தோம். பத்தாம் நாட் காலை மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "தம்பி, ஒரு கொத்து அரிசி கைமாத்தாய்த் தருவியளே?"

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் ஆச்சி அவர். அரிசி முடிந்து இரண்டு நாளாம்! கேட்பதற்கு அவர் கூசினார். விசாரிப்பதற்கு எமக்குத் தோன்றவேயில்லை.

முன்னர் அவ்விடத்திற் கிடுகுவேலி இருந்தது. வேலிப் பொட்டினூடாகக் கறியும் போகும், கதையும் போகும் (வம்பும் போகும் என்பதை மறைப்பானேன்?). கையிற் காசு சேர்ந்ததும் வேலியைப் பிடுங்கி, ஆறடி மதில் எழுப்பி, வெள்ளையும் அடித்தவர்கள் நாமே.

அன்று கதிரைமேல் ஏறிநின்று, அரிசிப் பையைக் கயிற்றிற் கட்டி இறக்கினோம். ஆச்சி பையை வெறிதாகத் திருப்பவில்லை. முருங்கையிலை நிறைந்திருந்தது.