குளிர் வீட்டில் ஒரு சூடான மூலை

சுயதொழிலாகக் கோழி வளர்க்கத் தொடங்கும் எமது சகோதரிகள் பலர் முதல் வாரத்திலேயே மனமுடைந்து போவதை நான் கண்டிருக்கிறேன். கடன் பட்டு வாங்கிய குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகும். நோய் என்பார்கள், கண்ணூறு என்பார்கள், கை ராசி இல்லை என்பார்கள். கண்டிப் பகுதியில் நான் பார்த்தவரையில் பல வீடுகளில் காரணம் வேறு. அது குளிர்.

கலஹாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழும் அக்கா ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்கிறேன். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் மணமுடித்ததும் அங்கேதான். 2009இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, கடைசியில் இரண்டு பிள்ளைகளுடன் பெரியம்மாவின் லயன் அறைக்கு வந்து சேர்ந்தார். 2023 சனவரியில், மாதர் சங்கத்தில் எடுத்த கடனில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் 25 வாங்கினார். வன்னியில் கோழி வளர்த்த அனுபவம் அவருக்கு நிறையவே இருந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு கடதாசிப் பெட்டியில் குஞ்சுகளை விட்டு, மேலே ஒரு எல்ஈடி மின்குமிழைக் கட்டிவிட்டுப் படுத்தார்.

"இரவிரவாக் கத்திக்கொண்டிருந்ததுகள் மிஸ். விடியப்புறம் சத்தம் அடங்கிட்டுது. நித்திரை கொள்ளுதுகள் எண்டு நினைச்சன்" என்றார்.

இரண்டு இரவுகளில் 14 குஞ்சுகள் போய்விட்டன. "என்ர கை ராசியில்லாத கை மிஸ். நான் தொட்டது எதுதான் நிண்டது?" என்று அவர் கேட்டபோது அவர் குஞ்சுகளை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்த பெரியம்மாதான் உண்மையைச் சொன்னார்: "ராசியாவது ஒன்னாவது! இது வன்னி வெயிலுன்னு நெனச்சுப்புட்ட புள்ள."

குஞ்சும் பாம்பும்

பெரியம்மா சொன்னது சரி. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி நகரிலேயே சனவரி, பெப்ரவரி இரவுகளில் 18, 19 பாகைக்கு இறங்கிவிடும். மேலேயுள்ள தோட்டங்களில் இன்னும் குளிர். ஆனால் முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்குத் தேவைப்படுவது 32 முதல் 35 பாகை. வளர்ந்த கோழியின் உடற்சூடு 41 பாகையளவில் இருக்கும். அதைக் காப்பாற்ற அதற்கு இறகு உண்டு. பஞ்சு மயிர் மட்டுமே உள்ள குஞ்சுக்கு அது முடியாது. முதல் நாட்களில் அது கிட்டத்தட்டப் பாம்பைப் போன்றது. வெளியே சூடிருந்தால்தான் உள்ளேயும் சூடு.

பாம்பைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. போரின்போது புலம்பெயர்ந்து சுவிற்சர்லாந்தில் வாழும் தோழி ஒருத்தியிடம் இந்தக் குஞ்சுகளின் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுடைய மகன் விஷமில்லாத பாம்பொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறானாம். "கிளிநொச்சியில பாம்பைக் கண்டாப் பொல்லெடுத்த நான், இங்க பாம்புக்குக் குளிருமெண்டு எழும்பி ஹீற்றர் பாக்கிறன்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்குப் பாடமானது. பெட்டி முழுவதையும் அவர்கள் சூடாக்குவதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சூடு. அது 30 பாகையளவில் இருக்கும். மறுபக்கம் 24 பாகையளவில் விடப்படும். பாம்பு தனக்குக் குளிர்ந்தால் சூட்டுப் பக்கம் போகும், போதுமென்றால் திரும்பிவிடும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாமல் அந்த உயிரையே முடிவு செய்யவிடுவதுதான் இதிலுள்ள சூட்சுமம். கோழிக்குஞ்சுக்கும் இதுவே பொருந்தும். தாய்க்கோழியின் செட்டைக்குள் நுழைவதும் வெளியே ஓடுவதும் வேறென்ன?

பெட்டியை அமைப்பது

25 குஞ்சுகளுக்கு நாலடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள பெட்டி முதல் இரண்டு வாரங்களுக்குப் போதும். பிறகு இடத்தைப் பெருப்பிக்க வேண்டும். மூலைகளில் மட்டை வைத்து வளைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குளிருக்கு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அடியில் உள்ளவை மூச்சுத்திணறிச் சாகும்.

சீமெந்துத் தரை சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே பெட்டியைச் செங்கல்லின் மேல் பலகை போட்டு உயர்த்தி, கீழே சாக்கு விரியுங்கள். உள்ளே இரண்டு மூன்று அங்குலத்துக்கு உலர்ந்த உமி அல்லது மரத்தூள் பரப்புங்கள். வெறும் பத்திரிகைத்தாளில் கால் வழுக்கிக் குஞ்சுகள் முடமாகக்கூடும்.

சூட்டுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மின்குமிழைத் தொங்கவிடுங்கள். எல்ஈடி வெளிச்சம் தரும், சூடு தராது. எங்கள் அக்கா தவறவிட்டது இதைத்தான். இழை உள்ள பழைய மாதிரி மின்குமிழா என்று கேட்டு வாங்குங்கள். 60 வாட் ஒன்றைவிட 40 வாட் இரண்டு நல்லது. நடுச்சாமத்தில் ஒன்று எரிந்துபோனாலும் மற்றது இருக்கும். 40 வாட் இரண்டும் 12 மணித்தியாலம் எரிந்தால் ஒரு யுனிற்றுக்குச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் செலவாகும். உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மின்கம்பியை நம்பாமல் உறுதியான கம்பியால் கட்டுங்கள். துணியோ மட்டையோ தொட்டால் தீப்பிடிக்கும். தீனியையும் தண்ணீரையும் சூட்டுக்கு நேர்கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

சூட்டுப் பக்கத்தின் மேலே சாக்கு அல்லது பழைய போர்வை போட்டு மூடலாம். மறுபக்கத்தை மூட வேண்டாம். காற்றோட்டம் இல்லாவிட்டால் எச்சத்தின் காரநெடி குஞ்சுகளின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். வாரத்துக்கு 3 பாகை வீதம் சூட்டைக் குறையுங்கள். அதற்கு மின்குமிழைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். இறகு முளைத்து முடிய நாலைந்து வாரமாகும்.

சத்தமே வெப்பமானி

வெப்பமானி இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். மின்குமிழுக்கு அடியில் குவிந்து கீச்சுக்குரலில் விடாமல் கத்தினால் குளிர். செட்டையை விரித்து வாயைத் திறந்தபடி தூர விலகி நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே ஓரத்தில் ஒதுங்கினால் எங்கோ குளிர்காற்று நுழைகிறது. பரவலாக நின்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டு தின்றால் எல்லாம் சரி. கத்திக்கொண்டிருந்தவை திடீரென அடங்கினால் நித்திரை என்று நினைக்காமல் எழுந்து பாருங்கள்.

மின்சாரம் போனால்

2022 நெருக்கடிக் காலத்தின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, பழைய சாரத்தில் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எத்தியோப்பியாவின் மேட்டுநிலக் கிராமங்களில் மின்சாரமே இல்லாமல், பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்து நடுவில் கூடுபோல் குழி செய்து, இரவில் குஞ்சுகளை அதற்குள் விடும் முறை உண்டு. குஞ்சுகளின் சொந்தச் சூட்டையே வைக்கோல் காத்துக்கொடுக்கும்.

சிரட்டைக்கரிச் சட்டியை மட்டும் பூட்டிய அறையில் வைக்க வேண்டாம். கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. லயன் அறையில் குஞ்சோடு பிள்ளைகளும் படுக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

அடைக்கோழி இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். இருட்டிய பின் ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் பத்தை மெதுவாக அதன் வயிற்றுக்கடியில் விட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கொஞ்சம் கூடிய விலை கொடுக்க முடிந்தவர்கள் ஒரு மாதக் குஞ்சுகளை வாங்கலாம். ராணிக்கெட் தடுப்பூசிக்கும் ஆலோசனைக்கும் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் காரியாலயத்துக்குப் போங்கள். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனையில், கெட்டம்பேயில்தான் இருக்கிறது.

அக்கா எஞ்சிய 11 குஞ்சுகளையும் காப்பாற்றிவிட்டார். அடுத்த முறை 20 வாங்கி 19ஐ வளர்த்தெடுத்தார். ஐந்தாறு மாதத்தில் முட்டை வந்தது, கடனும் அடைந்தது. போன முறை சந்தித்தபோது கை ராசி பற்றி அவர் எதுவும் பேசவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குப் பெட்டி அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல கையை உள்ள வைச்சுப் பார் தங்கச்சி. உன்ர கைக்குக் குளிர்ந்தா அதுக்குச் சாவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.