தோல் இருக்கச் சுளை விழுங்கி – 9: இடுப்பில் ஒரு வட்டம்

இளம்பிள்ளையில் மத்தியான நேரத்தில் ஒரு தறிப்பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காது அடைக்கும், அப்புறம் வேர்த்துக் கொட்டும். சேலை ஓடும் தறிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவருக்கு லுங்கி முடிச்சின் ஈரம் காயவே காயாது. அந்த ஈரத்தில், அரைஞாண் கயிறு உரசும் இடத்தில், ஓரம் சிவந்து நடு வெளுத்த வட்டம் ஒன்று கிளம்பும். படர்தாமரை. பூவின் பெயரை இதற்கு வைத்தவர் நல்ல ரசிகர். சொறிந்து பார்த்தவராக இருக்க முடியாது.

பக்கத்திலேயே கஞ்சமலை. சித்தேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்டால் தோல் நோய் போகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இப்போது கோயிலுக்கு முன்னால் மெடிக்கல் ஷாப்.

“அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணா” என்றால் கைக்கு வருவது பல நேரம் கலவை க்ரீம்தான்: பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே குளோபெட்டசால் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. அது இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும். வட்டம் மங்கும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை சத்தமில்லாமல் தொடைக்கு இறங்கும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ட்யூப் அலமாரியை விட்டு நகரவில்லை.

பூஞ்சையும் சும்மா இல்லை. ஜப்பானில் இருந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டெடுத்த ஒன்றுக்கு 2020-ல் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு! படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்து போய் ஒட்டவேண்டிய நொதியை இதில் பல வகைகள் மாற்றிக்கொண்டுவிட்டன.

இங்கேதான் நானோ ஜெல் வருகிறது. மேல்தோலின் வெளிப்புறம் செத்த செல்களை அடுக்கி, இடையில் கொழுப்பைப் பூசிய சுவர். பூஞ்சை குடியிருப்பதும் அங்கேதான். சாதாரண க்ரீம் பாதி மேலேயே நின்று, லுங்கியில் துடைபட்டுப் போகும். மருந்தை முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள கொழுப்புத் துகளில் அடைத்தால், துகள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முடிக்குழிகளில் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். துகள்கள் தண்ணீராக ஓடாமலிருக்கத்தான் கார்போபால் ஜெல். பிசுபிசுப்பு இல்லை, வேர்க்கிற உடம்புக்கு அதுவே பெரிய சௌகரியம். நம் பார்மசி கல்லூரிகளில் எம்.பார்ம். ஆய்வேட்டுக்கு இது வாடிக்கையான தலைப்பு. பெரும்பாலானவை ஆய்வகத்தோடு நின்றுவிடும்.

கடைக்கு வந்ததும் உண்டு. ஊசியில் ஏற்றினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் ஆம்போடெரிசின்-பி, கொழுப்பு உருண்டைக்குள் போனதும் கொஞ்சம் சாதுவானது. அதன் 0.1 சதவீதக் கொழுப்பு ஜெல் இந்தியாவில் விற்கிறார்கள். இந்த மருந்து பூஞ்சையைத் தாக்கும் இடமே வேறு என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். டெர்பினாஃபினையே நானோவில் அடைத்துத் தந்தால்? பூட்டை மாற்றிவிட்ட வீட்டுக்குப் பழைய சாவியைத் தங்கத்தில் செய்த கதைதான். உடம்பு முழுக்கப் படர்ந்துவிட்டால் எந்த ஜெல்லும் தனியாகப் போதாது, மாத்திரையும் வேண்டும்.

வீட்டில் பாதி பிதுக்கிய ட்யூப் ஒன்று இருக்கும். எடுத்து, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் – இந்த ஸ்டீராய்டுகளில் ஒன்று இருந்தாலும் படர்தாமரைக்கு அதைப் பூசாதீர்கள். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.