அபாய மணி அடித்தால் எழுந்து பார்ப்பது யார்?



கடைக்கு ஷட்டர், ஷட்டருக்கு இரண்டு பூட்டு, குடோனுக்கு இரவுக் காவலாளி, கல்லாவுக்குத் தனிச் சாவி என்று நாம் எல்லோரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். ஆனால் இன்று நமது பற்று வரவு, சரக்கு இருப்பு, பாங்குக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. கடை, குடோன், கிளை, ஆடிட்டர் ஆபீஸ் என்று நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. இந்த இணைப்புக்குள் திருடன் புகுந்தால் எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்ததும் என்ன செய்வது என்று கேட்டால், "அதற்குத்தான் வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறோமே" என்கிறோம். அந்தப் பதில் போதாது. நம்மைப் போன்ற கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததே அதற்குச் சாட்சி. அவருக்கு அப்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 1,800 கடைகள் இருந்தன என்பதுதான் வித்தியாசம்.

மணி அடித்தது, யாரும் எழவில்லை

டார்கெட் என்பது அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம். 2013 நவம்பரில், பண்டிகை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், அதன் நெட்வொர்க்கில் திருடர்கள் புகுந்தார்கள். முன்வாசல் வழியாக அல்ல. கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு, பில் அனுப்புவது போன்ற காரியங்களுக்காக டார்கெட் ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தது. திருடர்கள் அதைக் கைப்பற்றி உள்ளே வந்து, பில் கவுண்டர் மெஷின் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வாடிக்கையாளர் கார்டைத் தேய்க்கும்போதே அதன் விவரத்தைப் பிரதி எடுக்கும் புரோகிராமை அங்கே வைத்தார்கள்.

டார்கெட் பாதுகாப்புக்குச் செலவு செய்யாத நிறுவனம் அல்ல. சில மாதங்களுக்கு முன்புதான் விலை உயர்ந்த கண்காணிப்பு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தது. அது நவம்பர் 30 அன்றே அபாய எச்சரிக்கை கொடுத்தது. பெங்களூரில் இருந்த அதன் கண்காணிப்புப் பிரிவு எச்சரிக்கையைப் பார்த்து, மினியாபொலிஸ் தலைமை அலுவலகத்துக்குத் தகவலும் அனுப்பியது. தலைமை அலுவலகம் உடனே நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் 12 அன்று அமெரிக்க அரசாங்கமே வந்து சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது. அதற்குள் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போய்விட்டது. 7 கோடிப் பேர் வரையிலான பெயர், முகவரி, போன் நம்பர்களும் போயின. 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2017-ல் மாநில அரசுகளுக்கு மட்டும் 1.85 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

கருவி இருந்தது, ஆளும் இருந்தார்கள். மணி அடித்தால் யார் எழுந்து போய், எந்த மெஷினை நிறுத்த அதிகாரம் உள்ளவர் என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

நின்றுபோன பிரிண்டர்

எல்லா எச்சரிக்கையும் மணி அடித்துக்கொண்டு வராது. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷ் மத்திய வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறுதான் என்று ஊழியர்கள் நினைத்துவிட்டார்கள். அங்கே வெள்ளி வார விடுமுறை, நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. முந்தைய இரவே திருடர்கள் நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 95 கோடி டாலருக்குப் பக்கம். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஆனால் 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையாக இருந்ததை ஒரு வங்கி ஊழியர் கவனித்து விசாரித்ததால் தப்பியது.

இதே போன்ற திருட்டு நம் பக்கத்திலும் நடந்தது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் மூன்று கள்ள உத்தரவுகள் மூலம் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இங்கேயும் பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். ஆனால் மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. உடனே எதிர் வங்கிகளுக்குத் தகவல் போனதால் 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது. அன்றாடக் கணக்கை அன்றாடம் நேர்செய்வது நம் பெரியவர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம். கம்ப்யூட்டர் திருடனைப் பிடிக்கவும் அதுவே உதவுகிறது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

காப்பாற்றிய மின்வெட்டு

2017 ஜூன் 27 அன்று, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுவதும் ஒரே நாளில் முடங்கின. உக்ரைன் வியாபாரிகள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்தும் ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக அந்த நச்சுப் புரோகிராம் பரவியது. நெட்வொர்க்குக்கு ஆதாரமான யூசர் பட்டியலின் பிரதிகள் அத்தனையும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் சேர்ந்தே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரம் மின்வெட்டு. இணைப்பில் இல்லாத அந்த ஒரு மெஷின் பிழைத்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்தார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று கம்பெனி மதிப்பிட்டது. நாம் மின்வெட்டை நம்பியிருக்க முடியாது; பிரதியை நாமே கழற்றி வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடையில் எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை செல்போன், யார் யாருக்கு எந்தப் பாஸ்வேர்டு என்று ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே நிறுத்த வேண்டும்.

2. சாஃப்ட்வேர் ரிப்பேர் செய்பவர் தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்க வழி விட்டிருந்தால், வேலை முடிந்ததும் அந்த வழியை மூட வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது.

3. சந்தேகக் குறிகளை ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடை பூட்டிய பிறகு யாரோ உள்ளே நுழைந்ததாகப் பதிவு, தெரியாத புதுப் பெயரில் ஒரு யூசர், தானாக நின்றுபோன வைரஸ் தடுப்பு, திறக்காத ஃபைல்கள், "எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் வரும் மெயில் ஆகியவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னதற்கு, மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு நம்மிடம் பழைய நாளிலிருந்து உள்ள நம்பரில் பேசி உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

4. குறி தெரிந்தால் யாரிடம் சொல்வது, மெஷினை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று இரண்டு பேர் பெயரை முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளை காத்திருந்தால் அதற்குள் பணம் போய்விடும். பொய் எச்சரிக்கை என்றாலும் சொன்னவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஒரு முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்.

5. சந்தேகப்பட்ட கம்ப்யூட்டரின் நெட் இணைப்பை உடனே பிடுங்க வேண்டும். எதையும் அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது. திருடன் வந்த தடயம் அதில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மாற்ற வேண்டும்.

6. பணம் போயிருந்தால் அந்த நிமிடமே பாங்குக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே பணத்தை முடக்க வாய்ப்புண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, கம்பெனிகள் இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நம் நிறுவனம் இதற்குள் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

7. கணக்குகளின் பிரதியைத் தினமும் எடுத்து, எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாங்கு மேனேஜர், சாஃப்ட்வேர்க்காரர், ஆடிட்டர் நம்பர்களைக் காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டர் முடங்கிய அன்று அதிலுள்ள நம்பர் பயன்படாது.

மறைக்க வேண்டாம்

நம் மார்க்கெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பணம் பறிபோனால் வெளியே சொல்வதில்லை. "பேர் கெட்டுவிடும், சரக்குக் கடனுக்குத் தர யோசிப்பார்கள்" என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு கடையில் பலித்த தந்திரத்தைத் திருடன் அதே வீதியில் அடுத்த கடையிலும் செய்கிறான். கள்ள நோட்டு நடமாடினால் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பிச் சொல்கிறோம் அல்லவா? இதையும் அப்படியே சொல்ல வேண்டும். உறுப்பினர் பெயரை வெளியிடாமல், நடந்த விதத்தை மட்டும் சங்கத்தின் மூலம் எல்லோருக்கும் தெரிவிக்க நமது நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால், இன்று இரவு கடை பூட்டும்போது நம் ஊழியர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "நாளைக் காலை கம்ப்யூட்டரில் ஏதோ தப்பாகத் தெரிந்தால் யாருக்குப் போன் செய்வாய்?" பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பெயரை இன்றே எழுதி ஒட்டிவிடுவோம்.