இளவேனிலில் விடைபெறும் புட்கள்

வடபுல நாடுகளில் இளவேனிலின் வரவைப் புட்களின் வரவே அறிவிக்கும். இங்கிலாந்தில் ஆண்டின் முதற் குக்கூப் பறவையின் குரலைக் கேட்டோர் அச்செய்தியைப் பத்திரிகைக்கு எழுதியனுப்புதல் நெடுநாள் வழக்கமாகும். இலங்கையிலோ இம்முறை தலைகீழாய் நிகழ்கின்றது. புரட்டாதி, ஐப்பசித் திங்கள்களில் வடக்கேயிருந்து வந்திறங்கிய வலசைப் பறவைகள் பங்குனி, சித்திரையில் மீளத் தொடங்குகின்றன. ஆகவே, கண்டி மாநகரின் சோலைகளில் இளவேனிற் புட்களை நாடிச் செல்வோர் பெரும்பாலும் காண்பது இறுதிக் காட்சியே. அதனைக் குறித்து வைத்தல் முதற் காட்சியைக் குறிப்பதினும் அரிது. புதிதாய் எழுந்த குரல் செவியை ஈர்க்கும். நின்றுபோன குரலோ நின்று பல நாள் சென்ற பின்னரே நினைவுக்கு வரும்.

இம்மீட்சியைத் தமிழ்ப் புலவர் அறியாதிருந்தாரல்லர். சத்திமுற்றப் புலவர் மதுரையிற் குளிரால் நடுங்கிக் கிடந்த வேளையில் தம் மனைவிபால் தூதாக விடுத்தது, துணையோடு தென்றிசைக் குமரியாடி வடதிசைக்கு ஏகும் நாரையையன்றோ? புலவர் உள்ளம் நாடியது இல்லாளை. எனினும் பறவை நூலார்க்கும் அச்செய்யுளில் ஒரு சான்று உண்டு.

கண்டியில் இக்காட்சிக்குரிய இடங்கள் மூன்று. தலதா மாளிகைக்குப் பின்னே, 1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தகெலேக் காடு ஒன்று. 1821இல் நிறுவப்பெற்ற பேராதனைப் பூந்தோட்டம் மற்றொன்று. அத்தோட்டத்தை வளைந்து வடக்கு நோக்கி வரும் மகாவலி கட்டுகஸ்தோட்டையிற் கிழக்கே திரும்பும் ஆற்றோரம் மூன்றாவது. கண்டி வாவியின் நீர்க்காகங்களும் கொக்குகளும் ஆண்டு முழுதும் உறைவன; அவை இங்குப் பேசப்படா.

முன்னாளில் யானைகள் நீராடிய கட்டுகஸ்தோட்டை ஆற்றில், கல்லுக்குக் கல் தாவி ஓயாது வாலசைக்கும் சிறு பறவை சாம்பல் வாலாட்டி. பனிக்காலத்தில் வெண்மையாயிருந்த ஆண் பறவையின் தொண்டை, புறப்படும் நாள் நெருங்கக் கறுக்கத் தொடங்கும். இமயத்து ஓடைக்கரையில் துணைதேடுங்கால் அணியவேண்டிய உடையை அது இங்கேயே உடுத்துக்கொள்கின்றது. அதன் உறவினதாகிய கொடிக்கால் வாலாட்டி காட்டு நிலத்தை விரும்புவது. ஏனைய வாலாட்டிகள் வாலை மேலுங் கீழுமாக ஆட்ட, இஃதொன்றே பக்கவாட்டில் ஆட்டும்.

உடவத்தகெலேயின் நிழலில் வெண்ணிற நீள்வாலை நாடாவென அசைத்துப் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானும் விருந்தாளியே. செந்நிற உடலுடைய வேறொரு வகை நம் உலர்வலயக் காடுகளில் நிலையாய் வாழ்வது. சிங்கள மக்கள் வெள்ளையைத் துணிக்கள்வன் என்றும் சிவப்பைத் தீக்கள்வன் என்றும் அழைப்பர்.

இவை யாவற்றினும் கண்டி மக்களுக்கு அணுக்கமானது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இருமடிச் சீழ்க்கை ஒலிப்பதால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகும் நீலச் சிறகுத் திட்டும் செவ்வயிறும் குறுவாலும் உடையது. தன் ஆடையை மயில் கவர்ந்துகொண்டதென்று அது முறையிடுவதாகச் சிங்களக் கிராமத்துக் கதை கூறும். ஐப்பசியில் வந்திறங்கும் நாள்களில், களைப்பு மேலிட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். பின்னர் ஆறு திங்கள் மரநிழலில் உதிர்ந்த இலைகளைப் புரட்டி, மண்புழுவும் பூச்சியும் தேடி உண்ணும். சருகில்லா நிலத்தில் அதற்கு உணவில்லை. வளவு துப்புரவாயிருத்தலை நாம் ஒழுக்கமெனக் கொள்கின்றோம். நாள்தோறும் விளக்குமாறு அள்ளிச் செல்வது அப்பறவையின் பந்தியையே. நீண்ட பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை அது சேர்ப்பதும் இச்சருகிலேதான்.

புறப்படும் நாளை அவை எங்ஙனம் அறிகின்றன? வடநாடுகளிற் பகல் நீளுதல் ஓர் அறிகுறியாகும். கண்டியோ புவிமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையளவில் உள்ளது. இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேற்றுமை ஒரு மணித்தியாலத்திற்குங் குறைவு. அறிஞர் சில பாடும் பறவைகளை மாறா ஒளியில் வைத்து ஆராய்ந்தபோது, அவை உரிய பருவத்தில் அமைதியிழந்து சிறகடித்தன. ஆண்டுக் கணக்கை அளக்கும் ஒரு கடிகாரம் அவற்றின் உடலிலேயே உண்டென்பது இதனாற் பெறப்படும்.

அக்கடிகாரமே இன்று இடர் விளைக்கவுங் கூடும். புவி வெப்பமுறுதலால் வடக்கே இளவேனில் முந்துகின்றது. ஆபிரிக்காவிற் பனிக்காலம் கழித்து நெதர்லாந்துக்கு மீளும் ஒருவகை ஈப்பிடிப்பானைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இளவேனில் முந்தியும் அப்பறவையின் வருகை நாள் முந்தவில்லை. ஆதலின் முட்டையிடும் காலத்தையும் வேண்டிய அளவு முன்தள்ள அதற்கு இயலவில்லை. தெற்கே தங்கியுள்ள பறவைக்கு வடக்கின் வெப்பம் தெரிவதெங்ஙனம்? ஆறுமணிக் குருவி இங்கிருந்து மீளும் நாள் மாறுகின்றதா என்பதை அறிய, கண்டியிற் பல்லாண்டு தொடர்ந்து எழுதப்பட்ட இறுதி நாட்குறிப்புகள் வேண்டும். 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம் போன்றன இப்பணியைச் செய்து வருகின்றன. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை; மாலை ஆறு மணிக்கு முற்றத்தில் நிற்கும் ஒரு மாணவனும் ஒரு கொப்பியும் போதும்.

குறிப்பெழுதுவோன் ஒன்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சித்திரைப் புத்தாண்டை அண்டிக் குயில் கூவத் தொடங்க, அது எங்கிருந்தோ வந்ததென்று பலர் கருதுவர். குயில் எங்கும் போகவில்லை. இணைதேடுங் காலம் வரும்வரை இலைமறைவில் வாய்மூடியிருந்தது, அவ்வளவே. அதன் கூவல் வளவெங்கும் நிறைந்திருக்கும் அந்நாள்களிலேயே, ஒரு மாலையில் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை கேளாதொழிகின்றது.