திரைக்கலைஞரின் தனிக்கடிதங்கள்: உடைமையும் ஆய்வுப் பயன்பாடும்

முன்னுரை

திரைக்கலைஞர் பற்றிய ஆய்வுகள் பெரிதும் திரையிதழ்கள், நேர்காணல்கள், தன்வரலாறுகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்கின்றன. இவை யாவும் பொதுமக்களை நோக்கியவை. நெருங்கிய நண்பருக்குக் கைப்பட எழுதிய கடிதமோ ஒருவரை மட்டுமே நோக்கியது. அதனாலேயே அதன் சான்றுமதிப்பு உயர்கிறது. அதைப் பயன்படுத்துவோரின் பொறுப்பும் கூடுகிறது.

டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ‘மந்திரி குமாரி’ (1950), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) முதலிய படங்களை உருவாக்கியது. படப்பிடிப்பின்பொருட்டுக் கலைஞர்கள் இங்குத் தங்கியதால் சேலம், வாழப்பாடி, ஆத்தூர் வட்டார வீடுகளில் இத்தகைய கடிதங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. அவ்வாறு கிடைக்கும் கடிதத்தை ஆய்வாளர் எவ்வாறு அணுகுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாளும் சொல்லும்

வாழப்பாடியில் ஒருவர் தம் தந்தைக்கு நடிகர் எழுதிய கடிதத்தை வைத்திருப்பதாகக் கொள்வோம். அந்தத் தாள் அவருக்கு உரியது. அதில் உள்ள சொற்களின் பதிப்புரிமை அவருக்கு உரியதன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, எழுதியவரே அதன் முதல் உரிமையாளர். அவருக்குப்பின் அது அவர்தம் வாரிசுகளைச் சேரும். எனவே கடிதத்தைக் காட்ட இசைவளிப்பவர் ஒருவர். முழுமையாக அச்சிட இசைவளிக்க வேண்டியவர் மற்றொருவர்.

கடிதம் பழமையானது என்பதனால் மட்டும் இவ்வுரிமை முடிந்துவிடுவதில்லை. எழுதியவர் மறைவுக்குப்பின் முதன்முறையாக வெளியிடப்படும் படைப்புக்கு, வெளியான ஆண்டினை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்கிறது 24ஆம் பிரிவு. எனினும் 52ஆம் பிரிவு ஒரு வழியைத் திறக்கிறது. பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்தில் உள்ள வெளிவராத படைப்பை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருப்பின், ஆய்வுக்காகப் படியெடுக்கலாம். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பரில் மறைந்தார். ஆதலின் நூலகத்தில் உள்ள அவர் கடிதத்திற்கு இவ்விலக்கு இப்போது பொருந்தும். 1987 டிசம்பரில் மறைந்த எம்.ஜி.ஆரின் கடிதத்திற்கு 2047 டிசம்பர் வரை பொருந்தாது. கடிதம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்வரை இருவர்க்கும் பொருந்தாது. கடிதங்கள் பொது நூலகத்தைச் சென்றடைய வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

காலக்கணிப்பு

தனிக்கடிதங்கள் பலவற்றில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. அஞ்சல் முத்திரை மங்கியிருப்பின் உறை உதவும். தசம நாணய மதிப்பில் அமைந்த அஞ்சல்தலை 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. முகவரியில் ஆறிலக்கக் குறியீடு இருப்பின் 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தியது. ஆனால் எழுத்து வடிவத்தை இவ்வாறு கொள்ளலாகாது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரும் மூத்தோர் பலர் பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களையே எழுதினர். அவ்வடிவம் எழுதியவர் கல்வி கற்ற காலத்தைக் காட்டுமேயன்றிக் கடிதத்தின் காலத்தைக் காட்டாது. உறையைக் களைந்து கடிதத்தை மட்டும் பாதுகாப்பது சான்றில் பாதியை இழப்பதாகும்.

மறைப்பும் வெளியீடும்

இறந்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுகளுக்குச் செல்லாது என்று, ஜெயலலிதா பற்றிய திரைப்பட வழக்கில் 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. ஆயினும் கடிதத்தில் பேசப்படும் பிறர் உயிருடன் இருக்கக்கூடும். தனியுரிமை அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களைக் காக்கிறது. ஒருவரது நோய், கடன், குடும்பப் பூசல் ஆகியன ஆய்வு வினாவுக்கு இன்றியமையாதன அல்லவெனின் அவற்றை விலக்குவதே முறை.

காலவரையறையுடன் ஒப்படைப்பதும் ஒரு தீர்வு. நடிகை மார்லின் டீட்ரிச், எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே ஆகியோர் 1934இல் கப்பற்பயணத்தில் சந்தித்து நண்பராயினர். டீட்ரிச் எழுதிய கடிதங்கள் ஹெமிங்வேயின் ஆவணங்களோடு பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் இருந்தன. ஹெமிங்வே எழுதியவற்றை டீட்ரிச்சின் மகள் 2003இல் அந்நூலகத்திற்கே அளித்தார். அவை 2007இல்தான் திறக்கப்பட்டன. பெறுநர் இருவர் இல்லங்களில் பிரிந்து கிடந்த உரையாடல் அவ்வாறே ஒன்றுசேர்ந்தது.

முடிவுரை

கடிதம் கிட்டியவுடன் வெளியிட முனைவதைவிட, உறையுடன் படியெடுத்தல், உடைமையாளர் இசைவை எழுத்தில் பெறுதல், வாரிசுகளை அணுகுதல், நூலகத்தில் நிபந்தனையுடன் ஒப்படைக்கத் தூண்டுதல் என்ற வரிசை பொருத்தமானது. இதனால் ஆய்வாளர் தம் கட்டுரையைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க நேரலாம். ஆனால் அவர் சுட்டும் சான்றைப் பிறரும் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க இயலும்.